ஒரே நாளில் முந்நூறு பேர் வேண்டாம்: ரத்ததான முகாம் நடத்துவோருக்குத் திறந்த மடல்

இளைஞர் மன்ற, ரசிகர் மன்ற நிர்வாகிகளுக்கும், கட்சிக் கிளைத் தோழர்களுக்கும், கோயில் விழாக் குழுவினருக்கும், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இதை எழுதுகிறவர்கள் அரசு மருத்துவமனை ரத்த மையங்களில் வேலை செய்கிறவர்கள். ரத்தம் எடுக்கும் செவிலியர்கள், பரிசோதிக்கும் ஆய்வக நுட்புநர்கள், கொடையாளரிடம் உட்கார்ந்து பேசும் ஆலோசகர்கள். நீங்கள் கூட்டி வரும் பிள்ளைகளின் கையைப் பிடித்து நரம்பு தேடுவது நாங்கள்தான். பிரசவ வார்டிலிருந்து நள்ளிரவில் சீட்டு வரும்போது குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பதும் நாங்கள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்ததை வைத்து உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம்: ஒரே நாளில் 300 பேரைத் திரட்டுவதை விட்டுவிட்டு, அதே 300 பேரை நான்காகப் பிரித்து, காலாண்டுக்கு ஒரு முறை 75 பேராக, நன்றாகத் தயார் செய்து அனுப்புங்கள்.

ஏன் என்று சொல்கிறோம்.

ரத்தத்தைச் சேர்த்து வைக்கலாம் என்ற எண்ணம் 'வங்கி' என்ற பெயரால் வந்தது. 2020-ல் மத்திய அரசு மருந்து விதிகளைத் திருத்தி 'ரத்த மையம்' என்று பெயரை மாற்றிவிட்டது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் இன்னும் அது பிளட் பேங்க்தான். அக்டோபர் 1, தேசியத் தன்னார்வ ரத்ததான நாளில், ஊருக்கு ஊர் முகாம் நடக்கிறது. அன்று எடுத்த ஒரு பையைப் பின்தொடர்ந்து பாருங்கள். அதிலிருந்து பிரித்த, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் தட்டில் வைத்துக் காப்பாற்றினாலும் 5 நாள்தான். அக்டோபர் 6-ல் அவற்றின் ஆயுள் முடிகிறது. பிரிக்காத முழு ரத்தம் என்றால் 35 நாள், நவம்பர் 5. சிவப்பணுவைத் தனியே பிரித்து அதற்கான கரைசல் சேர்த்து வைத்தால் 42 நாள், நவம்பர் 12. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும் உறைநிலையில் ஓராண்டு இருக்கும். நவம்பர் நடுவில் மழை வலுத்து, காய்ச்சல் வார்டு நிரம்பிக் கிடக்கும்போது அந்த அக்டோபர் 1 ரத்தத்தில் எங்களிடம் மிச்சம் இருப்பது பிளாஸ்மா மட்டுமே. கொடுத்தவர்களை மறுபடி கூப்பிடவும் வழியில்லை. ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி வேண்டும், அது டிசம்பர் 30. பெண்களுக்கு 120 நாள், ஜனவரி 29.

ஒரே வாரத்தில் ஊரிலுள்ள எல்லாருடைய கையிலிருந்தும் எடுத்துவிட்டு, அடுத்த மூன்று மாதம் யாரையும் கேட்க முடியாமல் நிற்கும் நிலை இது. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் இன்னும் கடினம். கல்லூரிகளுக்கு விடுமுறை, வெயில் வேறு. பிரசவத்துக்கும் சாலை விபத்துக்கும் விடுமுறை கிடையாது. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டே வளரும் தலசீமியா குழந்தைகளுக்கு மே மாதமும் ஒரு மாதம்தான்.

இன்னொரு காரணம், வருகிறவரின் உடல்நலம். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் முகாமுக்கான ஆள் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. 3 மணி நேரத்தில் 50 முதல் 70 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு பை), அல்லது 5 மணி நேரத்தில் 100 முதல் 120 யூனிட் எடுப்பதற்கு ஒரு மருத்துவர், 6 முதல் 8 படுக்கைகளைக் கவனிக்க இரண்டு செவிலியர்கள், இரண்டு சமூகப் பணியாளர்கள், மூன்று நுட்புநர்கள், இரண்டு உதவியாளர்கள். அனுபவத்தில் பார்த்துப் போட்ட கணக்கு அது. ஒருவர் பெயர் எழுதி, விண்ணப்பம் நிரப்பி, எடையும் பிரஷரும் ஹீமோகுளோபினும் பார்த்து, மருத்துவரிடம் பேசி, படுத்து, கொடுத்து, ஓய்வெடுத்து எழ முக்கால் மணி நேரம் ஆகும். இதில் ஊசி கையில் இருப்பது 5 முதல் 8 நிமிடம்தான். வரிசையில் 300 பேர் நிற்கும்போது அந்த 8 நிமிடத்தை யாராலும் குறைக்க முடியாது. கேள்வி கேட்கும் நேரமும், கொடுத்த பின் படுத்திருக்கும் நேரமும்தான் சுருங்கும். நோயாளியின் பாதுகாப்பு முதலாவதில் இருக்கிறது, கொடையாளரின் பாதுகாப்பு இரண்டாவதில்.

இனி, அந்த 75 பேரை எப்படித் தயார் செய்வது என்று சொல்கிறோம்.

தயாரிப்பு முந்தைய இரவே தொடங்குகிறது. இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வருகிறவரை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை; விதியும் அதையே சொல்கிறது. காலையில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கொடுப்பதற்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் ஒரு வேளை சாப்பாடு உள்ளே போயிருப்பது நல்லது. இட்லி, இடியாப்பம், சப்பாத்தி எதுவும் போதும். எண்ணெய்ப் பலகாரமும் மட்டன் பிரியாணியும் வேண்டாம். கொழுப்பு அதிகம் சாப்பிட்டு வந்தால் பிளாஸ்மா தெளிந்த மஞ்சளாக இல்லாமல் பால் போல வெளுத்து நிற்கும். அந்தப் பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்ற முடியாது, சில பரிசோதனைகளையும் அது குழப்பிவிடும். பிரியாணி போடுவது உங்கள் வழக்கமானால் கொடுத்து முடித்தவர்களுக்குப் போடுங்கள். வயிறும் நிறையும், எங்களுக்கும் மகிழ்ச்சி.

விரதம் இருப்பவர்களை அன்று அழைக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டு ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள், ஆடி மாதக் கூழ் விரதக்காரர்கள், ரம்ஜான் நோன்பிருப்பவர்கள், இவர்களில் பலர் நல்ல மனசோடு வந்து நிற்பார்கள். விரதம் முடிந்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். முந்தைய நாள் குடித்தவரும் வேண்டாம். மது வாடையோடு வருகிறவரை மருத்துவர் திருப்பி அனுப்பும்போது, மன்றத்துத் தம்பிகள் கூடி நின்று பரிந்து பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தண்ணீர் விஷயத்துக்குச் சற்று அழுத்தம் கொடுக்கிறோம், ஏனென்றால் செலவே இல்லாத பாதுகாப்பு அது. படுக்கையில் படுப்பதற்கு 10 முதல் 30 நிமிடம் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டால் மயக்கம் வரும் வாய்ப்பு குறைகிறது. அரை லிட்டர் பாட்டில் ஒன்றை வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். மேடை அலங்காரத்தைவிட அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இப்போது மேடைக்கு வருகிறோம். எட்டு மணிக்கு வரச் சொன்ன பிள்ளைகளைச் சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டும் வரை, பதினொன்று வரை, பந்தலில் உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குள் காலையில் சாப்பிட்டது செரித்துவிடும், வெயில் ஏறிவிடும், வியர்த்து உடம்பில் நீர் குறைந்துவிடும். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் படுக்கையை நோக்கி நகர்வார்கள். அன்று மயங்கி விழுவோரின் எண்ணிக்கை கூடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ரத்தம் எடுப்பது எட்டரைக்குத் தொடங்கட்டும்; விருந்தினர் வரும்போது வரட்டும், விழா ஒரு பக்கம் நடக்கட்டும். புகைப்படமும் அப்படித்தான். கையில் ஊசி இருக்கும்போது 'கையைத் தூக்கிக் காட்டு தம்பி' என்று யாரும் சொல்லாதீர்கள். 16 கேஜ் ஊசி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். முழங்கை ஒரு விரற்கடை மடங்கினால் போதும், அதன் நுனி நரம்பின் சுவரில் போய்க் குத்தும். ரத்தம் தோலுக்கடியில் கசிந்து, மறுநாள் கை கருநீலமாக வீங்கும். ஓட்டம் நின்றுபோய் பையும் பாதியில் நிற்கும்.

பாதிப் பை எங்களுக்குப் பயன்படாது என்பது பலருக்குத் தெரியாது. 350 மி.லி. பையில் ரத்தம் உறையாமலிருக்க 49 மி.லி. திரவம் முன்பே நிரப்பப்பட்டிருக்கிறது, 450 மி.லி. பையில் 63 மி.லி. 100 மி.லி. ரத்தத்துக்கு 14 மி.லி. என்ற அளவு அது. 200 மி.லி.யோடு ரத்தம் நின்றுவிட்டால் அளவு குலைகிறது, அந்தப் பை பெரும்பாலும் எரிக்கும் கழிவோடு போகிறது. மெதுவாகச் சொட்டி 15 நிமிடத்தைத் தாண்டினாலும் அதிலிருந்து தட்டணுவும் பிளாஸ்மாவும் பிரிக்க ஏற்றதாக இருக்காது. பக்கத்தில் பை ஏன் தொட்டில் போல ஆடிக்கொண்டிருக்கிறது என்று சிறுவர்கள் கேட்பார்கள். உள்ளே வருகிற ரத்தம் அந்தத் திரவத்தோடு கலந்துகொண்டே இருக்க வேண்டும், கலக்காவிட்டால் கட்டி கட்டியாக உறைந்துவிடும் என்று சொல்லுங்கள்.

யாரிடம் 350, யாரிடம் 450 என்பது எடையைப் பொறுத்தது. 45 கிலோ இருந்தால் 350 மி.லி. எடுக்கலாம், 55 கிலோவுக்கு மேல் என்றால் 450. 'எனக்கு மட்டும் ஏன் குறைவாக எடுக்கிறீர்கள், முழுசாக எடுங்கள்' என்று அடம்பிடிக்கும் இளைஞர்கள் உண்டு. 48 கிலோ உடம்பிலிருந்து 450 எடுத்தால் அவர் எழுந்து நடக்கும்போது தெரியும். வயது 18 முதல் 65 வரை; முதல் முறை கொடுக்க வருகிறவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பதினேழரை வயதுப் பிள்ளைகளைப் 'பரவாயில்லை சார்' என்று அழைத்து வராதீர்கள். ஆதார் அட்டையோ கல்லூரி அடையாள அட்டையோ எல்லாரிடமும் இருக்கட்டும். மேல் பிரஷர் 100-க்கும் 140-க்கும் நடுவில், கீழ்ப் பிரஷர் 60-க்கும் 90-க்கும் நடுவில், நாடித் துடிப்பு 60 முதல் 100-க்குள் இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கூட இந்த அளவுக்குள் இருந்தால் கொடுக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை மட்டும் எடுத்து, கடந்த 4 வாரமாக மாத்திரையின் அளவு மாறாதிருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர் கூடாது.

ஹீமோகுளோபினுக்குச் சிறு கருவி வைத்திருக்கும் மையங்களும் உண்டு, நீலக் கரைசலை வைத்துப் பார்க்கும் மையங்களும் உண்டு. அந்த நீலம் மயில்துத்தக் கரைசல். அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.053. விரல் நுனியில் குத்தி வரும் ரத்தத்தை மெல்லிய குழாயில் எடுத்து, கரைசலின் மேல்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலிருந்து ஒரு சொட்டு விடுவோம். சொட்டு உருண்டு, தன்மேல் ஓர் உறை போர்த்திக்கொண்டு நேராக 15 நொடிக்குள் அடியில் போய் உட்கார்ந்தால் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று பொருள். மிதந்தாலோ, பாதி போய்விட்டு மேலே திரும்பினாலோ குறைவு. விரலைப் பிழிந்து எடுத்தால் திசு நீர் கலந்து சொட்டு லேசாகிவிடும். குழாயில் காற்றுக் குமிழி புகுந்தாலும் மிதக்கும். அப்போது நல்ல ஹீமோகுளோபின் உள்ளவரும் திரும்பிப் போவார். 30 மி.லி. கரைசலில் 25 பேருக்குப் பார்த்த பிறகு அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். இதையெல்லாம் அவசரமில்லாமல் செய்ய விட்டால்தான் முடிவு சரியாக இருக்கும். பின்னால் நின்று 'சீக்கிரம் மேடம்' என்று சொல்பவர்களை நீங்கள்தான் தள்ளி நிற்க வைக்க வேண்டும்.

12.5 என்ற எல்லை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். கல்லூரி முகாம்களில் ஆசையோடு வரும் மாணவிகளில் பலர் இந்த இடத்தில்தான் திரும்புகிறார்கள். அவர்களை 'ரிஜெக்ட்' என்று மைக்கில் கூப்பிடாதீர்கள், எங்களுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. அந்த மாணவிக்கு அன்று ஒரு பயனுள்ள செய்தி கிடைத்திருக்கிறது. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடச் சொல்லி, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்கிறோம். மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்க வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். திரும்பிப் போகிறவர்களுக்கும் அதே பிஸ்கட்டும் பழச்சாறும் கொடுங்கள், அதே நன்றியைச் சொல்லுங்கள். கொடுத்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 450 மி.லி. ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. நீர் இழப்பு ஓரிரு நாளில் ஈடாகும். இரும்பு ஈடாக மாதங்கள் ஆகும். 90 நாள் இடைவெளிக்குக் காரணம் இதுதான். சாதனைக்காக வேறு வேறு மையத்தில் வேறு வேறு பெயரில் கொடுப்பவர்கள் தங்கள் உடம்பைத்தான் கரைக்கிறார்கள்.

கேள்வித்தாளுக்கு வருகிறோம். இந்தியாவில் எடுக்கும் ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என ஐந்து சோதனைகள் கட்டாயம். 'அதுதான் டெஸ்ட் பண்ணுகிறீர்களே, கேள்வி எதற்கு' என்று கேட்கிறார்கள். கிருமி உடம்புக்குள் போன முதல் நாள்களில், சோதனைக்குப் பிடிபடாமல் ஆனால் மற்றவருக்குத் தொற்றக்கூடிய நிலையில், ஓர் இடைவெளிக் காலம் இருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்க எங்களிடம் இருப்பது கொடையாளரின் உண்மையான பதில் ஒன்றுதான். பச்சை குத்தி 12 மாதம் ஆகவில்லையா, நாய் கடித்து ஊசி போட்டு ஓராண்டு ஆகவில்லையா, பல் பிடுங்கி 6 மாதம் ஆகவில்லையா, மலேரியா குணமாகி 3 மாதமும் டெங்கு, சிக்குன்குனியா குணமாகி 6 மாதமும் டைபாய்டு குணமாகி 12 மாதமும் ஆகவில்லையா, காத்திருக்க வேண்டும். குழந்தை பெற்று ஓராண்டு வரையும், தாய்ப்பால் கொடுக்கும் வரையும் கூடாது. மாதவிடாய் நாள்களில் அந்த நாள்கள் கழியட்டும்.

உடலுறவு, போதை ஊசி பற்றியும் கேட்போம். நண்பன் தோளில் கைபோட்டு நிற்கும்போது யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதனால் ஆலோசகருக்கு ஒரு மூலை வேண்டும். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மறைப்புக்கு ஒரு வேட்டியோ திரையோ போதும். வகுப்பு முழுவதும் கட்டாயம் கொடுக்க வேண்டும், வருகைப்பதிவு உண்டு, உள்மதிப்பெண் உண்டு என்று சொல்லிக் கூட்டி வந்தால் அந்தத் திரைக்குப் பின்னாலும் பொய்தான் வரும். ஹெல்மெட், பாத்திரம், பரிசுக் கூப்பன் கொடுத்தாலும் அப்படியே. பணத்துக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து 1998 ஜனவரி 1 முதல் நாடு நிறுத்தியதற்குக் காரணமே, தேவைக்காக வருகிறவர் நோயை மறைப்பார் என்பதுதான். சான்றிதழும் டீயும் போதும். எல்லார் முன்னாலும் மறுக்க முடியாமல் கொடுத்துவிட்ட ஒருவர், வீட்டுக்குப் போன பிறகு எங்களுக்கு போன் செய்து பை எண்ணைச் சொல்லி 'என் ரத்தம் வேண்டாம்' என்றால் போதும், காரணம் கேட்காமல் அதை நிறுத்திவைப்போம். கொடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல் வந்தாலும் அதே எண்ணுக்குச் சொல்லுங்கள்.

முகாமில் எழுதும் கைபேசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் தென் தமிழகத்தில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நாடறிந்த துயரம். அந்தக் கொடையாளர் இரண்டு ஆண்டுக்கு முன்பே ஒரு முகாமில் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தெரிந்திருந்தும் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. பின்னால் தனக்குத் தெரிந்ததும் அவராகவே மருத்துவமனைக்குச் சொன்னார். செய்தியைச் சேர்ப்பது எங்கள் கடமை. ஆனால் விண்ணப்பத்தில் மன்றத் தலைவரின் எண்ணையே முப்பது பேருக்கும் எழுதிக் கொடுத்தால் நாங்கள் யாரைத் தேடுவது? ஒவ்வொருவரும் தன் சொந்த எண்ணை, தன் கையெழுத்தில் எழுதட்டும். முடிவை வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம். அவரை அழைத்து, மறுசோதனைக்கு அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவோம். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ள முகாமுக்கு வராமல் நேரே அந்த மையத்துக்கே போகலாம், அங்கும் இலவசம்தான்.

ஊசி போட்ட பிறகு உங்கள் தொண்டர்கள் கவனிக்க வேண்டியது மயக்கம். பெரும்பாலும் முதல் முறை கொடுப்பவர்கள், மெலிந்தவர்கள், தூங்காமல் வந்தவர்கள். அதுவும் எழுந்து நிற்கும்போதுதான். முதலில் கொட்டாவி வரும். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்க்கும், முகம் வெளுக்கும், 'ஒன்றுமில்லை' என்பார்கள். அந்த நொடியில் அவரைப் பிடித்து நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நாடித் துடிப்பும் பிரஷரும் இறங்கி மூளைக்கு ரத்தம் குறைந்திருக்கிறது. நிமிர்த்தினால் இன்னும் குறையும், வலிப்பு வந்ததுபோல் கைகால் இழுக்கவும் செய்யலாம். நின்ற இடத்திலேயே தரையில் படுக்க வையுங்கள், காலை ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வையுங்கள், சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். நினைவு முழுதாகத் திரும்பும் வரை வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சாவிக்கொத்தை கையில் திணிப்பதால் எதுவும் ஆகாது. முன்கூட்டியே தடுக்க ஒரு வழி உண்டு: படுத்திருக்கும்போதே தொடையையும் வயிற்றையும் சில நொடி இறுக்கித் தளர்த்தி, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

ஊசி இருக்கும்போது விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தது போல் சுரீரென்றால் உடனே சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துப் பொறுக்கக் கூடாது. ஊசியை எடுத்துவிடுவோம். எடுத்த பின் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிக்கொள்வது வழக்கம், அது வேண்டாம். கையை நீட்டி, சற்று உயர்த்தி, மறுகை விரல்களால் 3 முதல் 5 நிமிடம் அழுத்துங்கள். மடக்கிய கையைத் திறக்கும்போது அடைத்த வாய் மறுபடி திறந்துகொள்ளும். பிறகு 10 முதல் 15 நிமிடம் அங்கேயே உட்கார்ந்து குடிக்கவும் சாப்பிடவும் வேண்டும். ஒட்டிய கட்டு 4, 5 மணி நேரம் இருக்கட்டும். அன்று முழுவதும் தண்ணீர் அதிகம்; ஒரு மணி நேரம் புகை வேண்டாம்; மது அன்று வேண்டவே வேண்டாம்; அந்தக் கையால் மூட்டையோ சிலிண்டரோ தூக்க வேண்டாம். மயக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஏறக் கூடாது. லாரி, பேருந்து ஓட்டுநர்களும், உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவர்களும், தீயணைப்பு வீரர்களும் அடுத்த பணிக்கு 24 மணி நேரம் இருக்கும்போதுதான் கொடுக்கலாம். சாரம் கட்டும் தொழிலாளி நண்பர்கள் முகாம் முடிந்து மதியம் சாரத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முகாம்தான் ஏற்றது.

தாலுகா மருத்துவமனைக்கே போய் 'எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே கொடுக்கிறோம்' என்று நின்று, திருப்பி அனுப்பப்பட்டதாக வருந்துகிறவர்கள் உண்டு. சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் இருப்பது ரத்த சேமிப்பு நிலையம். பெரிய மையத்தில் எடுத்து, சோதித்து அனுப்பிய ரத்தத்தைக் குளிரில் வைத்து, நோயாளிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுக்கத்தான் அவற்றுக்கு அனுமதி. கொடையாளரிடமிருந்து எடுக்க அனுமதி இல்லை. உங்கள் ஊரில் இருப்பது எது என்று விசாரித்து, சேமிப்பு நிலையம் என்றால் அதற்கு ரத்தம் அனுப்பும் மையத்தைக் கொண்டு உங்கள் ஊரிலேயே முகாம் வையுங்கள். தூரத்தையும் பாருங்கள். தட்டணு பிரிக்க வேண்டுமானால் எடுத்த ரத்தம் 6 மணி நேரத்துக்குள் மையத்துக்கு வந்து சேர வேண்டும், வழியெல்லாம் 20 முதல் 24 டிகிரியில். மலைக் கிராமத்தில் மாலை நான்கு வரை முகாம் நீண்டால் முதலில் எடுத்த பைகளுக்கு அந்த நேரம் கடந்துவிடும். உதவுவதாக நினைத்து யாரும் பையின் மேல் ஐஸ்கட்டியைக் கொட்டாதீர்கள், உறைந்த சிவப்பணு உடைந்து பை வீணாகிவிடும்.

நெகட்டிவ் வகைக்காரர்களை முகாமில் மொத்தமாகக் கொடுக்க வைக்காதீர்கள் என்பதும் எங்கள் வேண்டுகோள். நம் நாட்டில் அவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். பெயரும் எண்ணும் எங்களிடம் இருந்தால் போதும், தேவை வரும்போது கூப்பிடுவோம். 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே வகை இன்னும் அரிது. மேலோட்டமான சோதனையில் அது 'ஓ' என்றே தோன்றும், ஆனால் அவர்களுக்கு 'ஓ' ரத்தமும் சேராது. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் 'அவசரம், பி நெகட்டிவ்' என்று அனுப்பும்போது தேதி, மருத்துவமனை, வார்டு, எத்தனை யூனிட் என்பதைப் போடுங்கள். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது' என்று அதே குழுக்களில் எழுதுங்கள். ஆறு மாதம் பழைய செய்தியை நம்பி ஐம்பது கிலோமீட்டர் வந்து நிற்கும் பிள்ளை, அடுத்த முறை உண்மையான அழைப்புக்கு வருவது கடினம்.

முகாம் தேதிக்கு ஒரு மாதம் முன்பு ரத்த மையத்தில் நேரில் சொல்லுங்கள். எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, 55 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய எத்தனை என்று தெரிந்தால் அதற்கேற்பப் பைகள் கொண்டுவருவோம். இடம் தரைத்தளமாக இருக்கட்டும். கொடுத்த பின் மாடிப்படி இறங்குவது ஆபத்து. நிழலும் காற்றோட்டமும் வேண்டும், தடையில்லா மின்சாரம், கை கழுவக் குழாய், அருகில் கழிப்பறை, வண்டி வாசல் வரை வர வழி. ஓய்வெடுக்கும் இடம் படுக்கைகளின் எதிரிலேயே, எங்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். டீ கொடுக்கும் மேசையைத் தெருமுனையில் போடாதீர்கள். ஊசி, குழாய், ரத்தம் பட்ட பஞ்சு எதையும் உங்கள் ஆட்கள் தொட வேண்டாம். ஊசி வெள்ளைப் பெட்டிக்கும், குழாயும் கையுறையும் சிவப்புப் பைக்கும், பஞ்சு மஞ்சள் பைக்கும் போகும். எல்லாவற்றையும் நாங்களே திரும்ப எடுத்துச் செல்வோம். பந்தலுக்குப் பின்னால் குவித்து எரிக்கும் வேலை வேண்டாம்.

தலைவரின் பிறந்தநாளுக்கு ஒரு முகாம் நடக்கட்டும். அன்றே மற்ற மூன்று தேதிகளையும் குறித்துக்கொண்டு போங்கள். அதில் ஒன்று மே மாதத்தில் இருக்கட்டும், அதிகாலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். எங்கள் நாள்குறிப்பில் அந்த மாதம்தான் காலியாகக் கிடக்கிறது.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை ரத்த மையப் பணியாளர்கள் சிலர்